தலைவர் இன்னும் டீ குடிக்கவில்லை

மாரப்பன் அந்த டீயை ஏன் குடிக்கவில்லை என்று அன்றைக்கே யாராவது கேட்டிருந்தால், அவருக்கே பதில் சொல்லத் தெரிந்திருக்காது.

குன்னூர் பஜாரில் விஜயாவின் டீக்கடைப் பின்னறைதான் மலைச்சாரல் கால்பந்துக் கழகத்தின் அலுவலகம். கழகம் பிறந்ததே அந்தக் கடை பெஞ்சில் என்பதால் அங்கே ஓட்டெடுப்பும் டீ கிளாஸில்தான் நடக்கும். பேச வேண்டியதைப் பேசித் தீர்த்ததும் எல்லோருக்கும் டீ வரும். குடித்து முடித்து கிளாஸை நிமிர்த்தி வைத்தால் சம்மதம். கவிழ்த்து வைத்தால் வேண்டாம். தலைவர் கடைசியாகக் குடிக்க வேண்டும். அவருடைய கிளாஸ் காலியாகும் வரை கூட்டம் முடிந்ததாகாது.

அன்று கேள்வி ஒன்றே ஒன்றுதான். பயிற்சியாளர் அருண்பிரசாத் இருப்பதா, போவதா?

மேஜையில் நான்கு கிளாஸ்கள் நிமிர்ந்திருந்தன. நான்கு கவிழ்ந்திருந்தன. மிச்சமிருந்தது தலைவரின் கிளாஸ். அருண்பிரசாத்தோ தலைவரின் ஒரே மகளைக் கட்டியவன்.

"குடிங்க தலைவரே, ஆறிப் போகுது" என்றார் ஹெர்பர்ட். வெலிங்டனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கழகத்தின் பழைய கோல்கீப்பர், இப்போது துணைத் தலைவர். கவிழ்ந்த கிளாஸ்களில் முதலாவது அவருடையது.

"ஆறட்டும்."

"ஆறினா நிமிருமா, கவுருமான்னு தெரிஞ்சுருமாக்கும்?" என்றார் காய்கறி மண்டி ஒச்சப்பன். அவர் கிளாஸும் கவிழ்ந்துதான் கிடந்தது. "இந்த சீசன்ல ஒரு மேட்ச்கூட ஜெயிக்கலீங்க. கடைசி மேட்ச்சும் தோத்தா ரெண்டாவது டிவிஷன். இதுல யோசிக்க என்னங்க இருக்குது?"

மாரப்பன் கிளாஸைத் தொட்டார். நிமிர்த்தி வைத்தால் மருமகனைக் காப்பாற்றினார் என்பார்கள். கவிழ்த்து வைத்தால் வீட்டுக்குப் போய் மகள் முகத்தில் எப்படி விழிப்பது? பஜாரில் இரும்புக் கடை வைத்து நாணயமான ஆள் என்று பேரெடுத்தவர் அவர். அந்தப் பேர் இப்போது ஒரு கிளாஸ் டீயில் மிதந்துகொண்டிருந்தது.

"எனக்கு இப்ப குடிக்கத் தோணலீங்க" என்றார்.

எல்லோரும் செயலாளர் ராஜப்ரியாவைப் பார்த்தார்கள். வக்கீல் ஆபீஸில் வேலை செய்யும் பெண்; கழகத்தின் விதி, வழக்கம் எல்லாம் அவளுக்குத்தான் அத்துப்படி.

"தலைவர் எப்பக் குடிக்கணும்னு நம்ம வழக்கத்துல இல்லீங்க. குடிக்கற வரைக்கும் கூட்டம் நடக்குதுன்னு அர்த்தம். அதுவரைக்கும் கோச் கோச்தான்."

மாரப்பன் கிளாஸின் மேல் ஒரு சாஸரை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். 

மறுநாளிலிருந்து பஜாருக்கு வேறு பேச்சே இல்லை. ஆணி வாங்க வந்தவர்கள், தகர ஷீட்டுக்கு அளவு சொல்ல வந்தவர்கள், மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள்கூடக் கடை வாசலில் எட்டிப் பார்த்தார்கள்.

"தலைவரே, டீ குடிச்சாச்சா?"

"சர்க்கரை பத்தலையாட்டிருக்குதுங்க!"

"மாமனார் குடிச்சா மருமகனுக்குப் புரையேறுமாமா!"

மாரப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு தராசில் ஆணியைக் கொட்டினார்.

இத்தனைக்கும் அருணைக் கழகத்துக்குக் கூட்டி வந்தவர் ஹெர்பர்ட்தான். அப்போது அவன் மாரப்பனுக்கு யாரோ ஒருவன். சிலோனிலிருந்து திரும்பி வந்து எஸ்டேட்டில் குடியேறிய குடும்பம். அப்பா ராசு இன்னும் தேயிலை ஃபேக்டரியில் வேலை. பையன் படித்து, பல்கலைக்கழக அணிக்கு ஆடி, வெலிங்டன் கண்டோன்மெண்டில் கிளார்க்காக இருந்தான். கழகத்துக்கு வந்த இடத்தில், சுளுக்கிய கால்களுக்குக் கட்டுப் போட வந்த மாரப்பனின் மகள், பிசியோதெரபிஸ்ட் ஷண்முகப்ரியாவைப் பார்த்தான். அடிபடாத ஆட்டக்காரர்கள்கூட நொண்டிக்கொண்டு அவளிடம் வரிசையில் நின்ற காலம் அது. வரிசையில் நிற்காத ஒரே ஆள் அருண். அதனாலேயே அவனிடம் அவளே போய்ப் பேசினாள்.

அன்னூரிலிருந்து மலையேறி வந்த மாரப்பன் குடும்பத்தில் அந்தக் காதல் லேசாக முடியவில்லை. அவர் மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு தை மாதத்தில் அவரே பந்தல் போட்டார். ஆனால் கல்யாணத்துக்கு அப்புறமும் மைதானத்தில் அவர் அவனை ஒருநாளும் மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. அங்கே அவன் 'கோச்' மட்டும்தான். யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது.

அப்படிப்பட்டவரைத்தான் ஊரே சொல்லிக்கொண்டிருந்தது.

தோல்விக்குக் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த மைதானம் சாய்வானது. மலையில் சமதளத்துக்கு எங்கே போவது? ஒரு கோல் மேட்டில், இன்னொன்று ஆள் உயரத்துக்குக் கீழே பள்ளத்தில். டாஸ் ஜெயித்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு முதல் பாதியில் பள்ளம் பார்த்து ஆடுவார்கள். காலில் தெம்பு இருக்கும்போதே இறக்கத்தில் நான்கு பந்தைத் தூக்கி அடித்து, இரண்டு கோல் போட்டு, பிறகு பள்ளத்தில் நின்று காவல் காப்பார்கள். பரம்பரையாக அந்த மைதானத்தின் ஆட்டம் இதுதான்.

அருண் டாஸ் ஜெயித்தாலும் முதல் பாதியில் ஏற்றத்தைக் கேட்டான். அதுவும் தூக்கி அடிக்கக் கூடாது. மேட்டில் தூக்கி அடித்த பந்து உருண்டு திரும்பி வந்துவிடும். ஆகவே குட்டிக் குட்டி பாஸ், தரையோடு. தெம்பு இருக்கும்போது ஏற்றத்தில் ஆடிவிட்டு, எதிராளி களைத்த பிறகு இறக்கத்தில் இறங்குவோம் என்பது அவன் கணக்கு. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் பாதிப் பையன்கள் ஃபேக்டரி ஷிஃப்ட் முடித்து ஓடி வருபவர்கள். ஏற்றத்திலேயே மூச்சு தீர்ந்து, இறக்கம் வரும்போது இடுப்பில் கை வைத்து நின்றார்கள்.

புதன்கிழமை மத்தியானம் அருண் கடைக்கு வந்தான். வேலையாள் சாப்பிடப் போயிருந்த நேரம்.

"மாமா, ஒரு விஷயம்ங்க."

"சொல்லுங்க மாப்ள."

"நானே விலகிக்கறேன்ங்க. உங்களுக்கு இந்தச் சங்கடம் வேணாம். ஹெர்பர்ட் அண்ணன் கடைசி மேட்ச்சைப் பாத்துக்குவாரு."

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, மாரப்பனுக்கு அப்பாடா என்றிருந்தது. கிளாஸும் வேண்டாம், பேச்சும் வேண்டாம், அவனே போய்விட்டான் என்று சொல்லிக்கொள்ளலாம். அடுத்த நொடி அந்த நிம்மதியை நினைத்து அவருக்கே கூச்சமாகிவிட்டது.

"பசங்ககிட்டச் சொல்லியாச்சுங்களா?"

"இல்லீங்க. சொன்னா கேப்டன் கிருத்திக் அழுதுருவான்." அருண் சிரிக்கப் பார்த்தான். "இப்பத்தான் மாமா அவனுங்களுக்குக் கால் பழகிட்டு வருது. ஆனா நான் சொன்னா யாரு நம்புவாங்க?"

"விலகறது பத்தி அப்புறம் பேசிக்கலாம், மாப்ள. மொதல்ல ஞாயித்துக்கிழமை மேட்ச்சைப் பாருங்க."

அது ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை. அருண் தலையாட்டிவிட்டுப் போனான். மாரப்பன் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஷண்முகப்ரியா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அம்மா வீட்டுக்கு வந்தாள். அம்மா ஜானகி கொடுத்த காபியைக் கையில் வாங்கிக்கொண்டு அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"உன்ற ஊட்டுக்காரருக்குப் பரிஞ்சு பேச வந்தியா கண்ணு?" மாரப்பன் முந்திக்கொண்டார்.

"இல்லீங்கப்பா. அவருக்காகப் பேச அவருக்கே வாயிருக்குது. நான் அந்தப் பசங்க கால் பாக்கறவ. அதைச் சொல்லத்தான் வந்தேன்." அவள் ஒரு வாய் குடித்தாள். "சீசன் ஆரம்பத்துல மேட்ச் முடிஞ்சா ஒருத்தனாலயும் படியேற முடியாது. கெண்டைக்கால் கல்லு மாதிரி இருக்கும். போன மேட்ச் முடிஞ்சப்ப கிருத்திக் என்ன கேட்டான் தெரியுங்களா? 'அக்கா, அதுக்குள்ள விசில் அடிச்சுட்டாங்களா'ன்னான்."

"தோத்தாங்கல்ல?"

"தோத்தாங்க. முதல் மேட்ச்ல நாலு கோல் வாங்கித் தோத்தாங்க. போன மேட்ச்ல ஒண்ணே ஒண்ணு. நீங்க தோல்வியை மட்டும் பாத்தீங்க. நான் காலைப் பாத்தேன்."

ஷண்முகப்ரியா காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்கப்பா. அவரு வெளியாளா இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? இதுக்கு முன்னாடி இருந்த கோச் ஒரு சீசன் முழுக்கத் தோத்தப்ப, 'மண்ணுல விதை போட்டவுடனே தோண்டிப் பாக்கறதா'ன்னு ஒச்சப்பன் மாமாகிட்டச் சண்டை போட்டது நீங்கதான? அவருக்கு ரெண்டு சீசன் குடுத்தீங்க. வெளியாளுக்குக் கிடைச்ச நியாயம் உங்க மருமகனுக்கு மட்டும் கிடையாதுங்களா?"

அடுப்படியிலிருந்து ஜானகியின் குரல் வந்தது. "ஏனுங்க, அவ கேக்கறதுல தப்பொண்ணும் இல்லீங்களே! ஊர் வாய்க்குப் பயந்து சொந்த மனுஷனுக்குக் குறைச்சலா அளந்து போடறதுக்குப் பேரு நாணயமாக்கும்?"

தராசு பிடிப்பவரிடம் சொல்லக் கூடாத சொல் அது. மாரப்பன் எழுந்து வாசலுக்குப் போனார். கீழே பஜாரில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. தன் பேரைக் காப்பாற்றத்தான் இத்தனை நாள் அந்தப் பையனை ஏற்றத்தில் நிறுத்தி வைத்திருந்தோம் என்று அவருக்கு உறைத்தது. டீயைக் குடிக்காமல் வைத்ததைப் பொறுமை என்று தனக்கே சொல்லிக்கொண்டிருந்தார். அது பொறுமை இல்லை. வெறும் பயம்.

சனிக்கிழமை மாலை ஜெர்சி கொடுக்க எல்லோரும் விஜயா கடையில் கூடினார்கள். பின்னறைக்குள் முதலில் நுழைந்த ஒச்சப்பன் போட்ட சத்தத்தில் வாசலில் நின்றவர்கள்கூட உள்ளே ஓடி வந்தார்கள்.

"தலைவர் கிளாஸ் கவுந்திருச்சு!"

அலமாரியில் சாஸர் இல்லை. தலைவரின் கிளாஸ் பளபளவென்று, காலியாக, தலைகீழாக நின்றது.

"யாரு தொட்டது?" என்றாள் ராஜப்ரியா.

விஜயா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நான்தாங்க கழுவி வச்சேன். அது மேல பூஞ்சை பூத்துக் கிடந்துச்சுங்க. கடைக்கு வர்றவங்க பாத்தா என் பொழப்பு என்னாகறது? கழுவின கிளாஸைக் கவுத்தாம வேற எப்படிங்க வைப்பாங்க?"

"யார் கழுவினா என்ன?" ஹெர்பர்ட் குரலை உயர்த்தினார். "கிளாஸ் காலி. கவுந்திருக்கு. நாற்பது வருஷ வழக்கம். கோச் அவுட்!"

"டீ குடிச்சது தலைவர் இல்லீங்களே!" என்றான் கோல்கீப்பர் ஜினோ. கூடலூர்ப் பையன். கையில் புது ஜெர்சியோடு வாசற்படியில் நின்றிருந்தான்.

"நீ பந்தைப் பிடி, போதும். இது கமிட்டி விஷயம்."

"தலைவர் குடிக்கணும்னுதான் வழக்கம், அதுல சந்தேகமில்ல" என்று ராஜப்ரியா தடுமாறினாள். "ஆனா காலியான கிளாஸ் கவுந்திருந்தா... இதுக்கு முன்னாடி இப்படி நடந்ததே இல்லீங்க..."

ஆளாளுக்குக் கத்தினார்கள். கழுவினது செல்லும் என்றது ஒரு கட்சி. குடிக்காதது செல்லாது என்றது இன்னொன்று. பூஞ்சையை ஓட்டாக எடுத்துக்கொள்ளலாமா என்று யாரோ கேட்க, சிரிப்பும் சண்டையும் ஒன்றாகிவிட்டன.

மாரப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அலமாரியருகே போனார். கிளாஸை எடுத்தார்.

"விஜயாம்மா, இதுல ஒரு டீ ஊத்துங்க. நல்லாச் சூடா."

கத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். விஜயா ஆற்றாமல் அப்படியே ஊற்றினாள். மாரப்பன் அதை நின்றபடியே குடித்தார். நாக்கு வெந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, நிறுத்தவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, மேஜை அதிர கிளாஸை நிமிர்த்தி வைத்தார்.

"கோச் இருக்கறாரு" என்றார். "இந்த மேட்ச்சுக்கு மட்டும் இல்லீங்க. நாளைக்குத் தோத்து ரெண்டாவது டிவிஷன் போனாலும் அங்கயும் அவருதான் கோச். முன்னாடி இருந்தவருக்கு ரெண்டு சீசன் குடுத்தோம். இவருக்கும் அதேதான். ஒரு நாள் கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

"மருமகன்னுதான..." என்று ஒச்சப்பன் ஆரம்பித்தார்.

"ஆமாங்க, என்ற மருமகன்தான்! அதனாலதான் இத்தன நாள் வாயத் தொறக்காம நின்னு அவருக்கு அநியாயம் பண்ணீட்டு இருந்தேன். இனிமே பண்ண மாட்டேன். பஜார்ல என்ன வேணாலும் பேசிக்குங்க. கடை காலைல எட்டு மணிக்குத் தொறந்திருக்கும், வந்து நேராவே பேசலாம்."

ஹெர்பர்ட் நிமிர்ந்த கிளாஸையே பார்த்தார். வழக்கம் என்றால் அவருக்கு உயிர். தலைவர் குடித்தார், வைத்தார். அதற்கு மேல் என்ன?

"ஓகே. முடிஞ்சது" என்றார் கரகரத்த குரலில். "டேய் ஜினோ, நாளைக்குக் காலைல சீக்கிரம் வா. மேட்டுல நிக்கறப்ப நீ ரொம்ப முன்னாடி வர்ற. அதைச் சரி பண்ணணும்."

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. எதிரே குந்தா மின்நிலைய ஊழியர்களின் அணி, கட்டுமஸ்தான ஆட்கள். மைதானத்தைச் சுற்றிக் கூட்டம் நெரிந்தது. எஸ்டேட் ஜீப்களில் வந்து இறங்கியவர்களில் ராசுவும் இருந்தார். சம்பந்தியைக் கண்டதும் மாரப்பன் தன் பக்கத்தில் இடம் போட்டுக் கொடுத்தார்.

டாஸ் ஜெயித்தது மலைச்சாரல். கிருத்திக் நடுவரிடம் ஏற்றத்தைக் கைகாட்டியதும் கூட்டத்தில் ஊளைச் சத்தம் கிளம்பியது.

"திருந்தவே மாட்டானுங்கடா!"

முதல் பாதி முழுக்கப் பந்து மேலே போவதும் கீழே வருவதுமாக இருந்தது. குந்தாக்காரர்கள் இறக்கத்தில் பாய்ந்து பாய்ந்து அடித்தார்கள். ஜினோ ஒரு பந்தைக் கம்பத்தோரம் விழுந்து தடுத்தபோது ஹெர்பர்ட் கோட்டுக்கு வெளியே தானும் சேர்ந்து விழுந்தார். மலைச்சாரல் பையன்கள் தூக்கி அடிக்கவில்லை. தரையோடு, காலிலிருந்து காலுக்கு, ஏணிப்படி வைப்பதுபோலப் பந்தை மேட்டுக்கு ஏற்றினார்கள். அதைப் பிடுங்க ஓடி ஓடியே குந்தாக்காரர்களுக்கு மூச்சிரைத்தது. விசில் அடித்தபோது இரண்டு பக்கமும் கோல் இல்லை.

"இந்த சீசன்ல முதல் பாதியில கோல் வாங்காதது இதுதான் முதல் தடவை" என்றாள் ராஜப்ரியா, நம்ப முடியாமல்.

மாரப்பன் ஆட்டக்காரர்களின் கால்களைப் பார்த்தார். யாரும் இடுப்பில் கை வைத்திருக்கவில்லை. இருவர் உட்காரக்கூட இல்லை.

இரண்டாம் பாதி தொடங்கிய சூட்டில் ஒரு தப்பு நடந்தது. ஜினோ உதைத்த பந்து வழுக்கி நேரே குந்தா ஆளின் காலுக்குப் போனது. கோல். கூட்டம் உறைந்தது. ஒச்சப்பன் தலையில் கை வைத்தார்.  மாரப்பன் எழவில்லை, அருணைப் பார்க்கவும் இல்லை. சொன்னது சொன்னதுதான்.

அருண் கோட்டோரம் வந்து ஒரே ஒரு தடவை கையை உயர்த்தினான்.

"இப்ப எறங்குங்கடா!"

இறங்கினார்கள். மழைக்காலத்து ஓடை இறங்குவதுபோல இறங்கினார்கள். களைத்த கால்களோடு மேடேறிவிட்டுக் கீழே ஓடித் திரும்பவேண்டிய குந்தாக்காரர்கள் ஒவ்வொரு தடவையும் ஓரடி பிந்தினார்கள். முதல் கோல் கிருத்திக்கின் தலையில் பட்டுப் போனது. இரண்டாவது, ஏழெட்டு பாஸ் கைமாறி வந்து, காலியான வலைக்குள் தட்டிவிட்டது. மூன்றாவது விழுந்தபோது எப்படி விழுந்தது என்று யாருமே பார்க்கவில்லை. எல்லோரும் ஏற்கெனவே கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஹெர்பர்ட் ஒச்சப்பனைத் தூக்கினார். ராசு தலைத்துண்டை அவிழ்த்துச் சுழற்றினார். ஷண்முகப்ரியா ஒருவனுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த துணியோடு மைதானத்துக்குள் ஓடினாள். அவன் பின்னாலேயே கட்டை இழுத்துக்கொண்டு ஓடினான்.

கடைசி விசில். மலைச்சாரல் முதல் டிவிஷனிலேயே இருக்கும்.

குந்தா அணியின் மேனேஜர் பெரிய மனுஷன். தோற்ற முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து மாரப்பனின் கையைப் பிடித்தார்.

"முப்பது வருஷமா இந்த மைதானத்துல ஆடறோம். ஏத்தத்தைக் கேட்டு வாங்கி ஜெயிச்ச டீமை இன்னைக்குத்தான் பாக்கறேன். இந்தப் பையனை எங்கீங்க புடிச்சீங்க?"

"புடிச்சது இவருங்க" என்று மாரப்பன் ஹெர்பர்ட்டின் தோளில் கை போட்டார். ஹெர்பர்ட் ஜெர்சிக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்த வருஷம் எங்களுக்குக் குடுத்துருங்களேன். கேட்டதைச் செய்யறோம்."

மாரப்பன் மைதானத்தின் நடுவே பார்த்தார். பையன்கள் அருணைத் தோளில் தூக்கியிருந்தார்கள். அவன் இறக்கிவிடச் சொல்லி எதையோ கத்திக்கொண்டிருந்தான், யாருக்கும் கேட்கவில்லை.

"அதுக்கு வாய்ப்பே இல்லீங்க!" என்று மாரப்பன் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, இத்தனை நாள் அந்த மண்ணில் ஒரு தடவைகூடக் கூப்பிடாத மாதிரி, மைதானம் முழுக்கக் கேட்கும்படி, இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்துக் கூப்பிட்டார்.

"மாப்ளேய்! இங்க வாங்க! உங்களைத் திருட ஆள் வந்திருக்குது!"

தோளுக்கு மேலிருந்து அருண் திரும்பிப் பார்த்தான். பக்கத்தில் ஜானகி கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏனுங்க, கத்தினது போதும். இத்தன பேரும் நம்மூட்டுக்குத்தான் வர்றாங்களாம். அரிசி ஊற வைக்கவா, பிரியாணி சொல்லீரலாமா? சீக்கிரம் சொல்லுங்க, சம்பந்தி வேற பசியோட நிக்கறாரு!"